கூட்டமில்லாத கிரேக்கத் தீவுகள்: எந்தத் தீவு, எந்த மாதம், எந்தப் பக்கத்துக் கரை

கேட்டிருந்தது இது: சென்னையிலிருந்து கணவன், மனைவி, எட்டு வயது மகள், கையில் பன்னிரண்டு நாள். சான்டோரினியும் மிக்கோனோஸும் வேண்டாம், குடையும் சாய்வு நாற்காலியும் வரிசை கட்டி நிற்க ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும் கடற்கரை வேண்டாம், சின்னத் தீவு ஒன்றில் கடலில் குளித்துவிட்டு மர நிழலில் படுத்துக் கிடக்க வேண்டும். எங்கே, எப்போது, குழந்தையோடு சரிப்படுமா?

சரிப்படும். நான் இந்தத் தீவுகளுக்குப் பல முறை போயிருக்கிறேன், அதில் இரண்டு முறை சின்னப் பிள்ளைகளோடு. ஆனால் நீங்கள் போட்டு வைத்திருக்கும் திட்டத்தில் பன்னிரண்டு நாளைக்கு ஐந்து தீவு இருக்கிறது. அதை இரண்டாகக் குறையுங்கள். ஐந்து தீவு என்றால் ஐந்து முறை பெட்டி கட்ட வேண்டும், ஐந்து முறை துறையில் காத்திருக்க வேண்டும், அதில் ஒரு கப்பல் காற்றுக்காக நின்றுவிட்டால் மீதி எல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி சரியும். இந்தத் தீவுகள் அமைதியாக இருப்பதற்கே காரணம் அங்கே போய்ச் சேர்வது சிரமம் என்பதுதான். விமான நிலையம் கிடையாது, பெரிய சுற்றுலாக் கப்பல் நிற்க இடம் கிடையாது, சில ஊர்களுக்கு வாரத்தில் மூன்று நான்கு கப்பல்தான். அந்தச் சிரமத்தை ஒரு முறை பட்டுவிட்டு ஐந்தாறு நாள் ஒரே இடத்தில் இருந்தால்தான் அதன் பலன் கைக்குக் கிடைக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது ஏஜியன் கடலில் நக்ஸோஸ், அமோர்கோஸ் என்ற இரண்டு பெரிய தீவுகளுக்கு நடுவில் சிதறிக் கிடக்கும் சின்னச் சிக்லாடிஸ் தீவுகள். ஆள் குடியிருக்கும் தீவு நான்கு: ஈராக்லியா, ஸ்கினூசா, கூஃபோனீசி, கொஞ்சம் தள்ளி வடகிழக்கே டோனூசா. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து பெரிய கப்பலில் நக்ஸோஸ் வரை ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். அதே கப்பல் சில நாட்களில் இந்தச் சின்னத் தீவுகளையும் தொட்டுவிட்டு அமோர்கோஸ் போகும். இல்லாவிட்டால் நக்ஸோஸில் இறங்கி ஸ்கோபெலிடிஸ் என்ற சின்னக் கப்பலைப் பிடிக்க வேண்டும். அந்தப் பகுதி மக்களுக்கு அது ஒரு டவுன் பஸ் மாதிரி: மருந்து, காய்கறி மூட்டை, பள்ளி ஆசிரியர், ஆட்டுக்குட்டி, சுற்றுலாக்காரர், எல்லாம் ஒன்றாகப் போகும். காற்று அடிக்கும் நாளில் நன்றாகவே ஆட்டும். வாந்தி வரும் உடம்பு என்றால் மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். உள்ளே உட்காராமல் பின்பக்கத் தளத்தில் காற்றாட உட்கார்ந்து, தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

இந்த மாதிரித் தடங்களுக்குக் கிரேக்கர்கள் 'ஆகோனி கிராமி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நேர்ப் பொருள் 'தரிசுத் தடம்', அதாவது வருமானம் விளையாத தடம். டிக்கெட் காசில் ஓடாது என்பதால் அரசு மானியம் கொடுத்து ஓட்டுகிறது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. நூற்றைம்பது, இருநூறு பேர் குளிர்காலத்திலும் தங்கள் ஊரில் இருக்க முடிவது அந்தக் கப்பல் வருவதால்தான். நாம் ரசிக்கும் அந்தக் கரையில் கடையும் சாப்பாடும் விளக்கும் இருப்பதும் அதனால்தான்.

சரி, காற்று. எந்தக் கடற்கரை நல்ல கடற்கரை என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்றுதான். ஏஜியன் கடலில் கோடையில் வடக்கிலிருந்து ஒரு காற்று அடிக்கும், மெல்டெமி என்பார்கள். நமக்கு வாடை என்றால் மார்கழிக் குளிர், அவர்களுக்கு வாடை ஜூலை ஆகஸ்டில், மேகமே இல்லாத நீல வானத்தின் கீழே, நாள் கணக்கில் விடாமல் அடிக்கும். பால்கன் பக்கம் உயர் அழுத்தம், துருக்கிப் பக்கம் தாழ்வழுத்தம், இரண்டுக்கும் நடுவில் காற்று பாய்கிறது. அந்தத் துருக்கிப் பக்கத்துத் தாழ்வழுத்தம், நம் தென்மேற்குப் பருவமழையை இழுத்துவரும் அந்தப் பெரிய ஆசியத் தாழ்வழுத்தத்தின் மேற்கு நீட்சிதான். நம்மூரில் பருவமழை வலுத்திருக்கும் மாதங்களிலேயே அங்கே மெல்டெமியும் வலுத்திருப்பது தற்செயல் இல்லை.

இதனால் நடைமுறையில் என்ன? வாடை அடிக்கும் நாளில் தீவின் வடக்குக் கரை நுரைத்துக் கிடக்கும், மிதந்து வரும் பிளாஸ்டிக்கும் அங்கேதான் ஒதுங்கும். அதே நேரம் தெற்குக் கரை குளம் மாதிரி இருக்கும். காற்று தெற்குக்குத் திரும்பினால் கதை அப்படியே மாறிவிடும். நம் கடலோரத்தில் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்கு ஆள் பேர் மாதிரிப் பேர் சொல்வது போல அவர்களுக்கும் வொரியாஸ், நொதியாஸ், மைஸ்த்ரோஸ், லெவான்டேஸ் என்று பட்டியல் உண்டு. காலையில் காபி கொடுப்பவரிடம் "வொரியாஸா, நொதியாஸா" என்று கேட்டால் போதும், எந்தக் கரைக்குப் போகலாம், எதற்குப் போக வேண்டாம் என்று அவரே கையைக் காட்டிவிடுவார். இந்தச் சின்னத் தீவுகளில் தங்குவதன் பெரிய வசதியே இதுதான், வடக்குக் கரையிலிருந்து தெற்குக் கரைக்கு நடந்தே போய்விடலாம்.

ஒரு எச்சரிக்கை, இதை மகளின் அம்மாவும் அப்பாவும் இரண்டு முறை படியுங்கள். தெற்குக் கரையில் தண்ணீர் அசையாமல் இருக்கிறதே என்று நினைக்கும் நேரத்தில் காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடித்துக்கொண்டிருக்கும். காற்றடைத்த மிதவை, ரப்பர் வளையம், மெத்தை எதிலாவது குழந்தையை உட்கார வைத்தால் சில நிமிடத்தில் அது நம் கைக்கு எட்டாத தூரம் போய்விடும். நீந்தி எட்டிப்பிடிக்கக் காற்று விடாது. மலையிலிருந்து திடீர் திடீரென்று இறங்கும் வீச்சும் உண்டு. மிதவையே கொண்டு போகாதீர்கள். மிதவைச் சட்டை போட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நீங்களும் கூட நில்லுங்கள். இந்தக் கடற்கரைகளில் காப்பாளர் கிடையாது. அவசர எண் 112.

இனி தீவு. எனக்கு மிகப் பிடித்தது டோனூசா. நக்ஸோஸிலிருந்து நேராகப் போகும் கப்பலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். துறை இருக்கும் ஊரின் பெயர் ஸ்டாவ்ரோஸ். கப்பலை விட்டு இறங்கியதுமே வலைகளும் வெள்ளை வீடுகளும் ஒரு சின்ன மணல் கரையும். அங்கிருந்து ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் கால் மணி, இருபது நிமிட நடையில் கேத்ரோஸ். மணல், அதன் பின்னால் ஒரு வரிசை மரம். அந்த மரத்தை அர்மிரிகி என்கிறார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் நம் சவுக்கு மாதிரி மெல்லிய இலை, உப்புக் காற்றில் வளரும், கிரேக்கக் கடற்கரையில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் ஒரே நிழல் பெரும்பாலும் இதுதான். காலை ஒன்பதுக்குள் போனால் நல்ல மரம் கிடைக்கும். இந்த வளைகுடாவில் இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய ஜெர்மானியக் கப்பல் ஒன்றின் மிச்சம் ஆழம் குறைந்த தண்ணீரில் கிடக்கிறது, நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்தே பார்க்கலாம்.

ஜெர்மானியக் கப்பல் என்றதும் இன்னொன்று. முதல் உலகப் போர் தொடங்கிய 1914 ஆகஸ்டில் கோபென், பிரெஸ்லாவ் என்ற இரண்டு ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் பிரிட்டிஷ் கப்பல்களிடம் சிக்காமல் ஓடி வந்து, இந்த டோனூசாவின் ஒதுக்கத்தில்தான் நிலக்கரி ஏற்றிக்கொண்டன. பிறகு கான்ஸ்டான்டிநோபிள் போய்ச் சேர்ந்து, துருக்கி அந்தப் போரில் இறங்கியதற்கே ஒரு காரணமாயின. அதே கடற்படையின் எம்டன் சென்னையில் குண்டு போட்டது அடுத்த மாதம், செப்டம்பர் 22. நான் முதல் முறை இதைத் தெரிந்துகொண்டு அந்தக் கரையில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு மீன்பிடிப் படகு தவிர எதுவும் இல்லாத அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் இருந்தேன்.

டோனூசாவில் இரண்டாவது கரை லிவாதி. மலைமேல் மெர்சினி என்ற சிற்றூர், அங்கே ஒரு நீரூற்று, பெரிய மரம், அந்த நிழலில் தண்ணீர் குடித்துவிட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கினால் லிவாதி. இறங்குவது சுலபம், மதியம் மூன்று மணி வெயிலில் எட்டு வயதுப் பிள்ளையோடு ஏறுவது கஷ்டம், அதனால் மாலை வரை கீழேயே இருந்துவிட்டு ஏறுங்கள். கோடையில் ஒரு மினி பஸ்ஸும் ஓடும். காற்று தெற்கிலிருந்து வந்தால் வடக்கே கலோடரிடிஸ்ஸா, அங்கேயும் ஒரு உணவகம் உண்டு. பெயர்களில் மட்டும் கவனம். ஸ்கினூசாவின் துறைக்கும் மெர்சினி என்றுதான் பெயர், ஸ்கினூசாவிலும் ஈராக்லியாவிலும் ஆளுக்கொரு லிவாதி இருக்கிறது. லிவாதி என்றால் புல்வெளி என்று பொருள், பாதித் தீவுகளில் அப்படி ஒரு கரை இருக்கும்.

டோனூசாவின் கேத்ரோஸிலும் பின்னால் சொல்லப்போகும் காவ்டோஸிலும் ஆடை இல்லாமல் குளிப்பவர்கள் இருப்பார்கள். பல வருடப் பழக்கம் அது, குடும்பத்தோடும் வருவார்கள். உங்களுக்குச் சங்கடம் என்றால் லிவாதிக்கோ ஊர்க் கரைக்கோ போங்கள். அங்கேயே இருப்பதானால் இயல்பாக இருங்கள், கேமராவையும் போனையும் பைக்குள் வையுங்கள். மகளிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும், பிள்ளைகள் பெரியவர்களை விடச் சீக்கிரம் பழகிவிடுவார்கள்.

இரண்டாவது தீவாக ஸ்கினூசா. குழந்தையோடு போகிறவர்களுக்கு இதைவிடத் தோதான தீவு எனக்குத் தெரியாது. மொத்தமே எட்டு சதுர கிலோமீட்டர்தான், மலை என்று பெரிதாக எதுவும் இல்லை, நடுவில் ஊர், சுற்றிலும் பத்துப் பதினைந்து சின்னக் கரைகள். ஊரிலிருந்து சிகூரிக்குப் பத்து நிமிட இறக்கம். தெற்கே லிவாதி, அல்மிரோஸ் எல்லாம் ஆழம் மெதுவாகக் கூடும் மணல் கரைகள், பிள்ளைகள் நம்பி நிற்கலாம். காலையில் ஒரு கரை, மதியம் அறையில் தூக்கம், மாலையில் வேறொரு கரை என்று நாள் ஓடிவிடும்.

அங்கிருந்து ஒரு நாள் கூஃபோனீசி போய் வாருங்கள். நான்கில் அழகான தண்ணீர் அதுதான் என்று பலரும் சொல்வார்கள், நானும் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் புகழால் ஜூலை ஆகஸ்டில் அது அமைதித் தீவு இல்லை, ஏதென்ஸ் இளைஞர்கள் நிறைந்துவிடுவார்கள். ஜூன் முதல் பாதியிலோ செப்டம்பர் கடைசியிலோ போனால் ஃபினிகாஸ், ஃபானோஸ், இடாலிதா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கரையை ஒட்டியே நடந்து, நீச்சல் தொட்டி மாதிரி பாறை உள்வாங்கிய இடங்களைப் பார்த்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் போரி என்ற வளைகுடாவுக்குப் போய்விடலாம். தரை கிட்டத்தட்டச் சமம், பிள்ளைகள் நடப்பார்கள்.

கூஃபோனீசியிலிருந்து தெற்கே பார்த்தால் ஒரு வெறும் மலைத் தீவு தெரியும், கேரோஸ். ஆள் இல்லை, அனுமதி இல்லாமல் இறங்கவும் கூடாது. நான்காயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் சுற்றியுள்ள தீவுகளிலிருந்து மக்கள் தங்கள் பளிங்குச் சிலைகளை உடைத்து, உடைந்த துண்டுகளை மட்டும் படகில் எடுத்து வந்து இந்தத் தீவில் புதைத்திருக்கிறார்கள். சிலையை ஏன் உடைத்தார்கள், ஏன் இங்கே கொண்டு வந்தார்கள் என்று காலின் ரென்ஃப்ரூவின் தலைமையில் கேம்பிரிட்ஜ் தொல்லியலாளர்கள் பல வருடம் தோண்டினார்கள். ஏதோ சடங்கு மையம் என்பது அவர்கள் முடிவு. கேரோஸில் கிடைத்த யாழ் வாசிப்பவன் சிலை ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கையளவு பளிங்கு, முகத்தில் மூக்கு தவிர ஒன்றும் இல்லை, ஆனால் தலையை அண்ணாந்து அவன் வாசிப்பது காதில் விழுவது போல இருக்கும். ஏதென்ஸில் ஒரு அரை நாள் கிடைத்தால் கப்பலேறுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள், அப்புறம் போரியில் உட்கார்ந்து அந்த மலையைப் பார்ப்பது வேறு மாதிரி இருக்கும்.

ஈராக்லியா இந்த நான்கில் இன்னும் மெதுவான ஊர். துறையிலிருந்து இருபது நிமிட நடையில் அதன் லிவாதி, நீளமான மணல். அலிமியா வளைகுடாவுக்குப் படகில்தான் போவார்கள், போரில் விழுந்த ஒரு ஜெர்மானிய நீர்விமானம் அதன் அடியில் கிடக்கிறது. நடக்கப் பிடித்தவர்களுக்கு யோவான் குகை. டோனூசாவில் அறை கிடைக்காவிட்டால் யோசிக்காமல் இங்கே வாருங்கள்.

இந்த நான்கு தீவுகளைத் தாண்டி வேறு எங்கே என்றால், பெரியவர்கள் மட்டும் போகும் பயணத்துக்கு நான் முதலில் சொல்வது அனாஃபி. சான்டோரினிக்குக் கிழக்கே ஒன்றரை மணி நேரம், ஆனால் அங்கே கப்பல் மாறி இங்கே வருபவர்கள் சொற்பம். தெற்குக் கரை முழுக்க ஒரு மணல் கரைக்கு அடுத்து இன்னொன்று, கிளிசிதியில் தொடங்கும் ஒற்றையடிப் பாதை பாறை விளிம்போடு போய் ரூகூனாஸ் என்ற நீண்ட கரையைத் தொட்டு, கடைசியில் கலாமோஸ் என்ற ஒற்றைப் பாறைக்குக் கீழே முடிகிறது. கடலிலிருந்து செங்குத்தாக நானூற்றைம்பது மீட்டருக்கு மேல் நிற்கும் பாறை. அதன் அடியில் இருக்கும் மடம் அப்பல்லோ கோயில் இருந்த இடத்தில், அந்தக் கோயிலின் கற்களையே வைத்துக் கட்டியது. கிரேக்கப் புராணத்தில், புயல் இருட்டில் தவித்த ஆர்கோ என்ற கப்பலின் வீரர்களுக்கு அப்பல்லோ ஒளியைக் காட்டி இந்தத் தீவை வெளிப்படுத்தினான் என்று கதை. 1930-களில் இதே தீவுக்கு அரசியல் கைதிகளை நாடு கடத்தி அனுப்பினார்கள், அவ்வளவு தொலைவாக அது இருந்தது. ஏதென்ஸில் அக்ரோபொலிஸ் சரிவில் தீவு வீடுகள் மாதிரி வெள்ளையாக ஒரு சின்னக் குடியிருப்பு இருக்கும், அனாஃபியோட்டிகா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தலைநகரைக் கட்ட வந்த அனாஃபி கொத்தனார்கள் தங்களுக்குக் கட்டிக்கொண்டது.

மிலோஸ் போகும் திட்டம் இருந்தால் பொலோனியா துறையிலிருந்து அரை மணி படகில் கிமோலோஸ். பிராசா கரையின் வெள்ளை மணலும் பச்சைத் தண்ணீரும் போதும் போதும் என்று ஆகும்வரை பார்க்கலாம். கிரேக்க மொழியில் சாக்குக் கட்டிக்கே 'கிமோலியா' என்றுதான் பெயர், இந்தத் தீவின் வெள்ளை மண்ணிலிருந்து வந்த சொல். கிழக்கே துருக்கி ஓரமாக லிப்சி, அதற்குப் பக்கத்தில் நாற்பது ஐம்பது பேர் மட்டும் வாழும் ஆர்கி, அதற்கும் எதிரே மராதி. பட்மோஸ் வரை போகிறவர்கள் இவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம், குழந்தைகளுக்கு லிப்சியின் பிளாட்டிஸ் யாலோஸ் அருமை, தண்ணீர் முழங்காலளவுக்கு வெகுதூரம் போகும்.

காவ்டோஸ் தனி. கிரீட்டுக்கும் தெற்கே, ஐரோப்பாவின் தென்கோடி நிலம், அதன் திரிபிடி முனையில் பெரிய மர நாற்காலி ஒன்று ஆப்பிரிக்காவைப் பார்த்து நிற்கிறது. கிரீட்டின் தென்கரையில் ஹோரா ஸ்ஃபாகியோன் போன்ற ஊர்களிலிருந்து படகு. சரகினிகோ கரையில் சாப்பாடும் அறையும் கிடைக்கும். அங்கிருந்து அரை மணிக்குள் நடந்தால் ஐயோஸ் யோவானிஸ், மணல் மேடுகளில் மிகப் பழைய ஜூனிப்பர் மரங்கள், அதற்குக் கீழே கடல். இரவில் நட்சத்திரம் தவிர வெளிச்சம் இல்லை. பல வருடமாக அங்கே கூடாரம் போட்டுத் தங்குபவர்கள் உண்டு, ஆனால் கிரேக்கத்தில் கண்ட இடத்தில் கூடாரம் அடிக்கச் சட்டப்படி தடை, நீங்கள் அறை எடுத்தே தங்குங்கள். அந்த மரங்களின் காய்ந்த கிளையை ஒடித்து நெருப்பு மூட்டுவதை மட்டும் யார் செய்தாலும் சேராதீர்கள், ஒரு மரம் அந்த அளவு வளர நூற்றாண்டுகள் ஆகும்.

மாதம். ஜூன் முதல் மூன்று வாரம், அல்லது செப்டம்பர் முழுவதும். இரண்டில் ஒன்று என்றால் நான் செப்டம்பரைத்தான் எடுப்பேன். நம்மூர்க் கடல் சூட்டுக்குப் பழகியவர்களுக்கு ஜூன் தொடக்கத்துத் தண்ணீர் இருபது, இருபத்தொரு டிகிரி, இறங்கும்போது மூச்சு நிற்கும். செப்டம்பரில் இருபத்து நான்கு வரை இருக்கும், காற்றும் தணிந்திருக்கும். பள்ளி விடுமுறைக் கணக்கு பார்த்தால் உங்களுக்கு மே கடைசியும் ஜூன் தொடக்கமும்தான் வரும் என்று நினைக்கிறேன், அதுவும் நல்லதே, மலையில் இன்னும் கொஞ்சம் பூ மிச்சமிருக்கும், மகளுக்கு ஒரு முழுக்கை நீச்சல் உடை வாங்கிக்கொடுங்கள். ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து இருபது வரை வேண்டவே வேண்டாம். ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்றத் திருநாள், நம் பொங்கலுக்கு ஊருக்குப் போவது போலக் கிரேக்கர்கள் எல்லாரும் தங்கள் தீவுக்குத் திரும்பும் நாள். டோனூசாவில்கூட அறை கிடைக்காது.

விசாவுக்கு ஷெங்கன். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். சிக்கல் என்னவென்றால் அவர்கள் தங்குமிடப் பதிவு கேட்பார்கள், சின்னக் கப்பல்களின் அட்டவணையோ அவ்வளவு முன்னால் வெளியாகாது. பணம் திரும்பக் கிடைக்கும் மாதிரி அறைகளைப் பதிந்து விண்ணப்பித்துவிட்டு, அட்டவணை வந்ததும் நாட்களை முன்பின் மாற்றிக்கொள்ளுங்கள்.

கடற்கரை அங்கே எல்லாருக்கும் பொது, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பிரபலமான தீவுகளில் சாய்வு நாற்காலிக்காரர்கள் கரையையே வளைத்துக்கொண்டார்கள். 2023 கோடையில் பாரோஸ் தீவு மக்கள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கரையில் ஊர்வலமாக வந்து எங்கள் கடற்கரையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அது 'துண்டு இயக்கம்' என்று நாடு முழுக்கப் பரவியது. அடுத்த வருடம் புதுச் சட்டம் வந்தது: ஒவ்வொரு கரையிலும் குறைந்தது பாதி காலியாக இருக்க வேண்டும், தண்ணீரிலிருந்து நான்கு மீட்டருக்குள் நாற்காலி போடக் கூடாது. கூடவே 198 கடற்கரைகளைத் 'கால்படாத கரைகள்' என்று அறிவித்து, அங்கே நாற்காலி, குடை, கடை, விழா எதுவும் கூடாது என்றார்கள். சாதாரண மக்கள் துண்டோடு வந்து நின்று இதைச் சாதித்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

அதனால் நீங்களும் கையில் எல்லாம் கொண்டு போக வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, பழம், குப்பைக்கு ஒரு பை. கரையில் குப்பைத் தொட்டி இருக்காது, இருந்தாலும் ஊருக்கே கொண்டுவந்து போடுங்கள். பாறைக் கரைகளுக்கு ரப்பர் செருப்பு அவசியம், பாறை இடுக்கில் கறுப்பு முள் உருண்டையாகக் கடல் முள்ளெலி ஒட்டியிருக்கும், மிதித்தால் முள் உள்ளே ஒடிந்து நிற்கும். உப்பும் நம் கடலை விட அதிகம், கிலோவுக்கு முப்பத்தொன்பது கிராம் அளவில், நன்றாக மிதப்பீர்கள், கண் எரியும். பெரிய ஆறுகள் கலக்காத, நுண்ணுயிர் குறைந்த கடல் என்பதால்தான் அடி வரை தெரிகிறது, ஏற்ற இறக்கமும் சாண் அளவுதான். அந்தத் தெளிவில் ஆழம் ஏமாற்றும், மூன்று ஆள் ஆழம் இடுப்பளவு போலத் தெரியும். மகளை முதல் நாளே இதைக் காட்டிப் பழக்குங்கள்.

தீவுகளில் நன்னீர் அருமை, குளியலைச் சீக்கிரம் முடியுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா என்று வீட்டுக்காரரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். கழிவறைக் காகிதத்தைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்துக் கூடையில் போட வேண்டும், குழாய்கள் குறுகல். ஏ.டி.எம். ஒன்று இருக்கும், சில நாள் காலியாக இருக்கும், நக்ஸோஸிலேயே பணம் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான மருந்து இருந்தால் முழுக் கணக்குக்கும் மேலே நான்கு நாளைக்கு.

சைவச் சாப்பாடு பற்றிக் கவலையே வேண்டாம். ஃபாவா என்று கேளுங்கள், மஞ்சள் பருப்பை மசித்து எண்ணெயும் வெங்காயமும் போட்டது, ஸ்கினூசாவில் அதற்கான பருப்பு அங்கேயே விளைகிறது, நம் பருப்புக் கடைசலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கிகாந்தேஸ் என்ற பெரிய பீன்ஸ், ஹோர்தா என்ற வேகவைத்த கீரை, அரிசி அடைத்த தக்காளி. "நிஸ்திசிமோ" என்று ஒரு சொல்லை நினைவில் வையுங்கள், விரதச் சாப்பாடு என்று பொருள்: இறைச்சி, பால், முட்டை இருக்காது. நண்டு, இறால், கணவாய் விரதத்தில் உண்டு, அதனால் அதை மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் திரும்பும் கணக்கு. காற்றின் வேகத்தைச் சொல்லும் பொஃபோர்ட் அளவில் எட்டு என்றால் பெரிய கப்பலே துறையை விட்டு நகராது, சின்னதும் வேகமானதும் அதற்கு முன்பே நிற்கும். அபகோரெஃப்திகோ என்பார்கள், தடை. ஒரு செப்டம்பரில் டோனூசாவில் இரண்டு நாள் இப்படி நின்றுவிட்டது, என் ஊர் திரும்பும் விமானம் போனது, புது டிக்கெட் வாங்கினேன். தங்கியிருந்த வீட்டம்மா அந்த இரண்டு நாளும் தன் சமையலில் எனக்கும் ஒரு தட்டு வைத்தார். நீங்கள் அப்படி மாட்ட வேண்டாம்: ஏதென்ஸ் வந்திறங்கியதும் ஒரு இரவு அங்கே, அடுத்து டோனூசா ஐந்து இரவு, ஸ்கினூசா மூன்று, நக்ஸோஸ் ஒன்று, கடைசி இரவு மறுபடி ஏதென்ஸ். நக்ஸோஸில் சின்ன விமான நிலையம் இருக்கிறது, கப்பல் ஓடாவிட்டால் அங்கிருந்து ஏதென்ஸுக்குப் பறக்க ஒரு வழி மிச்சமிருக்கும். டோனூசாவில் அறை எடுக்கும்போது ஸ்டாவ்ரோஸ் ஊருக்குள்ளேயே எடுங்கள், கேத்ரோஸுக்குக் காலையில் மகள் நடந்தே வந்துவிடுவாள்.